அம்மாவுக்கு 30-க்கு 21 என்றால் என்ன அர்த்தம்? மறதி நோய்க்கான சிறு சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுப் பெரியவரை மறதிக்காக டாக்டரிடம் அழைத்துப் போனால், ஸ்கேனுக்கெல்லாம் முன்னால் ஒரு தாளும் பேனாவும் மேசைக்கு வரும். இன்றைக்கு என்ன தேதி, இது எந்த ஊர், இந்த மூன்று வார்த்தைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கடிகாரம் வரையுங்கள் என்று பத்து நிமிடம் போகும். கடைசியில் தாளின் மூலையில் ஒரு மார்க் விழும். அந்த மார்க்கைப் பார்த்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், ‘அப்பாடா’ என்று எழுந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். பல சமயம் இரண்டு பேருமே அவசரப்பட்டிருந்தார்கள். நான் டாக்டர் இல்லை. பெரியம்மாவுக்குத் துணையாக ஐந்து வருடம் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவன். அங்கே பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் கீழே உள்ளவை.

இந்தச் சோதனையில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

ஞாபகத்தை மட்டும் பார்ப்பதில்லை. தேதி, கிழமை, இடம் கேட்பது, தான் எங்கே எப்போது இருக்கிறோம் என்ற உணர்வைப் பார்க்க. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்த முடிகிறதா என்று பார்க்க. பேனாவைக் காட்டி ‘இது என்ன?’ என்பது மொழிக்காக. படம் வரையச் சொல்வது இடம், வடிவம் பற்றிய உணர்வுக்காகவும் திட்டமிடும் திறனுக்காகவும். மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, நடுவில் வேறு வேலை கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்கிறார்கள் இல்லையா, அதுதான் ஞாபகத்துக்கான நேரடிக் கேள்வி. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமரில் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது அந்த இடம். உடனே சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவார்கள். ஐந்து நிமிடம் போனால் வார்த்தைகள் மறந்துபோவதோடு, வார்த்தைகள் சொல்லப்பட்டதே மறந்துபோயிருக்கும்.

எம்.எம்.எஸ்.இ., மோக்கா, மினி-காக் என்று ஏகப்பட்ட பெயர் சொல்கிறார்களே?

மூத்தது எம்.எம்.எஸ்.இ. 1975-இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ மூவரும் வெளியிட்டது. மொத்தம் 30 மார்க். அதில் 10 தேதிக்கும் இடத்துக்குமே போய்விடும், வார்த்தை ஞாபகத்துக்கு 3தான். அதனால் நோய் நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு இது பிடிக்கும். ஆரம்பக் கட்டத்தில் கோட்டை விடும்.

அந்த ஓட்டையை அடைக்க வந்தது மோக்கா. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஜியாத் நஸ்ரெத்தீன் உருவாக்கி 2005-இல் வெளியிட்டார். இதற்கும் 30தான், ஆனால் கடினம். ஐந்து வார்த்தைகள், கனசதுரம், கடிகாரம், ‘ரயிலுக்கும் சைக்கிளுக்கும் என்ன ஒற்றுமை?’ போன்ற கேள்விகள் எல்லாம் உண்டு. நோயாக முற்றாத லேசான குறைபாட்டை எம்.எம்.எஸ்.இ. 18 சதவீதம் பேரிடம் கண்டுபிடித்தபோது மோக்கா 90 சதவீதம் பேரிடம் கண்டுபிடித்தது என்று அந்த முதல் ஆய்வே சொன்னது. தமிழிலும் மோக்கா இருக்கிறது. அமெரிக்க அதிபர் டிரம்ப் 2018-இல் 30-க்கு 30 வாங்கினார் என்று செய்தி வந்ததே, அது இந்தச் சோதனைதான். ‘ரொம்பக் கஷ்டமான சோதனை’ என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். உடம்பு சரியாக இருக்கும் ஒருவருக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் அமைப்பு.

மினி-காக் மூன்றே நிமிடம். சூ போர்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2000-இல் வெளியிட்டது. மூன்று வார்த்தை, ஒரு கடிகாரம், மொத்தம் 5 மார்க். 3-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பரிசோதிக்கச் சொல்வார்கள். கூட்டம் நிற்கும் ஓ.பி.யில் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

போயும் போயும் கடிகாரம் எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு வட்டம், பன்னிரண்டு எண், இரண்டு முள். குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் வரைந்து பாருங்கள், எத்தனை வேலை ஒன்றாக நடக்கிறது என்று தெரியும். கடிகாரம் எப்படி இருக்கும் என்பதை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். 12, 3, 6, 9 எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசித்து இடம் விட வேண்டும். யோசிக்காதவர்கள் 12 எண்களையும் வலது பாதியிலேயே அடைத்துவிடுவார்கள்.

முள் வைக்கும் இடத்தில்தான் சூட்சுமம். பெரும்பாலும் ‘பதினொன்று பத்து’ என்றுதான் நேரம் சொல்வார்கள். பத்து நிமிடத்துக்குப் பெரிய முள் 2-இல் நிற்க வேண்டும். ஆனால் ‘பத்து’ என்று காதில் விழுந்ததும் கை 10-ஐ நோக்கி இழுக்கும். அந்த இழுப்பை அடக்கி, ‘பத்து என்றால் 2’ என்று மாற்றிப் போடுவது மூளையின் முன்பகுதி செய்யும் வேலை. அது தளர்ந்திருந்தால் ஒரு முள் 11-இலும் இன்னொன்று 10-இலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். என் பெரியம்மாவின் இரண்டாவது கடிகாரம் அப்படித்தான் இருந்தது. முதல் வருடம் வரைந்ததில் முள் சரியாக 2-இல் இருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்த அளவுக்கு எந்த மார்க்கும் புரியவைக்கவில்லை.

சரி, 30-க்கு 21. டிமென்ஷியா, அதாவது மறதி நோய்தானா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எம்.எம்.எஸ்.இ.யில் 24-க்குக் கீழே, மோக்காவில் 26-க்குக் கீழே என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது வழக்கமான கோடு. எனவே முதல் கேள்வி, எந்தச் சோதனையில் 21? எம்.எம்.எஸ்.இ.யில் 21 என்பதும் மோக்காவில் 21 என்பதும் ஒன்றல்ல. மோக்காவில் அதே ஆள் பொதுவாகக் குறைவாகத்தான் வாங்குவார்.

அடுத்த கேள்வி, யாருக்கு 21? கல்லூரிப் பேராசிரியைக்கா, ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கா? காது சரியாகக் கேட்கிறதா? கண்புரை இருக்கிறதா? முந்தின இரவு தூங்கினாரா? கணவர் இறந்து இரண்டு மாதம்தான் ஆகிறதா?

மனச்சோர்வு இந்தச் சோதனையில் மறதி நோய் மாதிரியே வேஷம் போடும். பழகிய கண்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கும். சோர்வில் இருப்பவர் எதைக் கேட்டாலும் ‘தெரியலைப்பா, விடு’ என்பார். மறதி நோய் இருப்பவர் பல சமயம் சிரித்து மழுப்புவார். ‘இன்னைக்கு என்ன தேதியா? நான் எந்த ஆபீஸுக்குப் போகணும், தேதி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?’ என்பார். கேட்பவரும் சிரித்துவிடுவார். ஆனால் தேதி வந்திருக்காது. இது கல்லில் எழுதிய விதி இல்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கும் ஆட்களும் உண்டு.

எங்கள் பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர். அவருக்கு இது நியாயமா?

பல கேள்விகள் நியாயமில்லை. சோதனையைச் செய்தவர்களுக்கும் அது தெரியும்.

பெரியம்மாவிடம் முதல் முறை தேதி கேட்டார்கள். ‘ஆடி பதினேழு. நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு’ என்றார். சரியான பதில். கேட்ட இளைஞருக்கு வேண்டியது ஆகஸ்ட் மாதத் தேதி, அதனால் தாளில் சுழியம் விழுந்தது. நான் சொன்ன பிறகுதான் திருத்தினார். மூன்றாம் வகுப்போடு வயலுக்குப் போனவர் அவர். ஐங்கோணம் இரண்டை ஒன்றோடொன்று வெட்டுகிற மாதிரி வரையச் சொன்னால் பேனாவைப் பிடிப்பதே பாதி வேலை. ஆனால் மார்கழியில் வாசல் நிறைக்கும் புள்ளிக் கோலத்தைக் கணக்குப் பிசகாமல் போட்டவரும் அவர்தான். எந்தத் தாளிலும் அதற்கு மார்க் இல்லை.

இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் எதிர்கொண்டது ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் இருந்த இடம். அங்கே எம்.எம்.எஸ்.இ.யை அப்படியே மொழிபெயர்க்காமல் மாற்றிக் கட்டினார்கள். 1995-இல் வெளியான அதன் பெயர் ஹிந்தி மனநிலைச் சோதனை. ‘கண்ணை மூடுங்கள்’ என்று எழுதிய அட்டையைப் படிக்கச் சொல்வதற்குப் பதிலாக, ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்கிற மாதிரியே செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்காட்டினார்கள். ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அதே திறனைத்தான் பார்த்தார்கள், வேறு வாசல் வழியாக.

தமிழ்நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் மறதி நோயை ஆராய்ந்த 10/66 என்ற உலக ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்தியது. சமூக அளவில் பயன்படுத்துவதற்கென்றே வேலூர் மருத்துவர்கள் உருவாக்கிய தனிக் கேள்வித்தொகுப்பு 2009-இல் வெளியானது. பல மொழி, பல பண்பாட்டு மக்களுக்காக ஆஸ்திரேலியாவில் உருவான ரூடாஸ் சோதனையில் ஞாபகத்துக்குத் தருவதே ஒரு மளிகைப் பட்டியல்: தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு. பாட்டிகளிடம் கேட்க வேண்டியது இப்படித்தான் என்று தோன்றும்.

மோக்காவில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மார்க் கூட்டிக்கொடுப்பார்கள். பள்ளியே பார்க்காதவருக்கு அந்த ஒரு மார்க் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் பாட்டியின் படிப்பு எவ்வளவு, என்ன வேலை செய்தார் என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அப்பா 28 வாங்கினார். அப்போ ஒன்றும் இல்லை, அப்படித்தானே?

அப்படியும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் எம்.எம்.எஸ்.இ.யில் 28 வாங்கினார். அதே மாதம் முப்பது வருடமாகப் போய்வரும் வங்கியிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். நிறையப் படித்தவர்களிடம் மூளைத் திறனின் கையிருப்பு அதிகம். கொஞ்சம் கரைந்தாலும் சோதனையில் தெரியாது.

இன்னொன்று, எல்லா மறதி நோயும் மறதியில் ஆரம்பிப்பதில்லை. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் முதலில் மாறுவது குணம். கூச்சம் போய்விடும், கண்டபடி செலவு செய்வார், பிறர் துக்கம் உறைக்காது. ஆனால் தேதியைக் கேட்டால் டக்கென்று சொல்வார். வீட்டில் உங்களுக்கு உறுத்துகிறது, தாளில் ஒன்றும் இல்லை என்றால், விட்டுவிடாமல் நரம்பியல் டாக்டரிடம் உறுத்தலைச் சொல்லுங்கள்.

டாக்டர் என்னிடமும் கேள்வி கேட்டார். நோயாளி அம்மாதானே?

அந்தக் கேள்விகள்தான் பாதிச் சோதனை. தாள் சோதனை இன்றைய நிலையைக் காட்டும். அம்மா முன்பு எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். டிமென்ஷியா என்று சொல்வதற்கே அடிப்படை, முன்பு இருந்த நிலையிலிருந்து இறங்கியிருக்கிறார், அது தினசரி வாழ்க்கையைத் தொடுகிறது என்பது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏ.டி.8 இதற்கு நல்லது. எட்டே கேள்வி. முடிவெடுப்பதில் தடுமாற்றமா, விருப்பமான வேலைகளில் ஆர்வம் குறைந்ததா, கேட்டதையே கேட்கிறாரா, புதுச் சாதனத்தைப் பழகச் சிரமமா, மாதமும் வருடமும் மறக்கிறதா, பணக் கணக்கில் குழப்பமா, போக வேண்டிய இடங்களை மறக்கிறாரா, யோசனையிலும் ஞாபகத்திலும் தினமும் சிக்கலா. கவனிக்க வேண்டியது ‘மாற்றம்’ என்ற சொல்லை. எப்போதுமே கணக்கு வராத அம்மாவுக்கு இப்போதும் வரவில்லை என்றால் அது மாற்றம் இல்லை. இரண்டோ அதற்கு மேலோ ‘ஆமாம், மாறியிருக்கிறது’ என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பள்ளிப் படிப்பு இந்தப் பதில்களை அவ்வளவாகக் குழப்பாது என்பதால் நம் பாட்டிகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கட்சி.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. கூட வருபவர் தினமும் பார்ப்பவராக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து தீபாவளிக்கு வரும் மகன் ‘அம்மா நல்லாத்தான் இருக்காங்க’ என்பார். கூட இருக்கும் மருமகள் வாயைத் திறக்கமாட்டார், திறந்தால் பழி வரும். மருமகளைத் தனியாகக் கேட்கும் டாக்டர் கெட்டிக்கார டாக்டர்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது செய்த சோதனையில் 12. பயமாக இருக்கிறது.

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, ஆபரேஷன் முடிந்த மறுநாள் இவையெல்லாம் முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பத்தை உண்டாக்கும். பகலில் தூங்குவார், இரவில் சுவரோடு பேசுவார். அந்த நேரத்து மார்க்கை மறதி நோயின் மார்க்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு தேறிச் சில வாரங்கள் போன பிறகு திரும்பச் செய்ய வேண்டும். இதையே மறுபுறமும் சொல்லவேண்டும்: நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப்போனால் ‘வயசாச்சு’ என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

60 வயதானால் எல்லாருக்கும் செய்துவிடலாமே, சர்க்கரைச் சோதனை மாதிரி?

நல்ல யோசனை போலத்தான் இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. 1000 பெரியவர்களை வரிசையில் நிறுத்தினால் 74 பேருக்கு நோய், 926 பேருக்கு இல்லை. நம் சோதனை நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 74-இல் 63 பேர் பிடிபடுவார்கள். 926-இல் 139 பேர் வீணாகப் பிடிபடுவார்கள். அதாவது ‘ஃபெயில்’ ஆன 202 பேரில் 139 பேருக்கு நோயே இல்லை. அவர்களும் அவர்கள் வீட்டாரும் எத்தனை இரவு தூங்காமல் இருப்பார்கள்?

அதே சோதனையை, வீட்டார் கவலைப்பட்டுக் கூட்டிவந்த 1000 பேருக்குச் செய்யுங்கள். அதில் பாதிப் பேருக்கு நோய் இருக்கிறது என்று கொண்டால், ஃபெயில் ஆகும் 500 பேரில் 425 பேருக்கு உண்மையிலேயே நோய். சோதனை மாறவில்லை, வரிசையில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள். அறிகுறியே இல்லாத முதியவர்களுக்குப் பொதுச் சோதனை செய்வதன் நன்மை தீமையை எடைபோடப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2020-இல் சொன்னது. உறுத்தல் இருந்தால் செய்யுங்கள், ஊரோடு சேர்ந்து செய்ய வேண்டாம்.

மார்க் குறைவு. அடுத்து என்ன செய்வார்கள்?

முதலில் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேடுவார்கள். பி12 சத்து, தைராய்டு, சோடியம், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. மூளைக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பது பக்கவாதத் தழும்பு, கட்டி, நீர்க்கோப்பு, எப்போதோ கீழே விழுந்ததில் உள்ளே கசிந்து நிற்கும் ரத்தம் இவற்றுக்காக. இதோடு காதும் கண்ணும்.

வீட்டில் உள்ள மாத்திரைப் பையை அப்படியே எடுத்துப்போங்கள், மருந்துக்கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து. தூக்க மாத்திரை, சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை முதியவர்களின் ஞாபகத்தை மங்கடிக்கும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

செல்போன் ஆப்பிலோ வீட்டிலோ நாங்களே செய்து பார்க்கலாமா?

ஏ.டி.8 கேள்விகளுக்கு நீங்கள் பதில் எழுதிப் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் வார்த்தைச் சோதனையை வீட்டில் ஒத்திகை பார்த்தால் பழக்கத்தில் மார்க் ஏறிவிடும், டாக்டரிடம் உண்மை தெரியாமல் போகும். இதற்காகவே மோக்காவுக்கு மாற்று வினாத்தாள்கள் வைத்திருக்கிறார்கள்.

அதைவிட எனக்குக் கவலை, சோதனை முடிந்து வந்த வீடுகளில் தினமும் தொடங்கும் தேர்வு. காலையில் காபி கொடுக்கும்போதே ‘இன்னைக்கு என்ன கிழமை சொல்லு பார்ப்போம்?’ பேரன் வந்தால் ‘இது யாரு, பேரைச் சொல்லு?’ கேட்பவருக்கு அது அக்கறை. கேட்கப்படுபவருக்கு நாளுக்கு நாலு தடவை தோற்கிற வேலை. ‘அம்மா, வெள்ளிக்கிழமை, இந்தாங்க காபி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அம்மா வரமாட்டேன் என்கிறார். எனக்கென்ன பைத்தியமா என்று கேட்கிறார்.

‘ஞாபகத்துக்கு டெஸ்ட்’ என்று சொல்லிக் கூட்டிப்போனால் பாதிப் பேர் வரமாட்டார்கள். பொதுவான உடல் பரிசோதனையோடு சேர்த்துக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் போங்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் கூட வரட்டும். சோதனை அவர் தாய்மொழியில் நடக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். உதடு அசைக்கும் மகள்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்க் குறைந்தால் அவர் போட்ட கையெழுத்து செல்லாதா? உயில் எழுதலாமா?

சோதனை மார்க் அதைத் தீர்மானிக்காது. உயில் எழுதும் நேரத்தில் தான் என்ன செய்கிறோம் என்று அறியும் தெளிவு இருக்கிறதா என்பதே இந்திய வாரிசுரிமைச் சட்டம் பார்ப்பது. 18 வாங்கியவருக்கும் தன் வீட்டை எந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருக்கலாம். சந்தேகம் வரும் என்று தோன்றினால் அன்றைய தேதியில் டாக்டரின் தனி மதிப்பீடு வாங்கிவைப்பது நல்லது. இந்தக் கேள்வியை அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு ரகசியமாகக் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன்.

எங்கே போவது?

முதியோர் மருத்துவர், நரம்பியல் டாக்டர், மனநல டாக்டர் யாராக இருந்தாலும் சரி. சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் அரசின் தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல், மனநலப் பிரிவுகள் இருக்கும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநலத்துக்கு 14416.

திரும்ப எப்போது செய்ய வேண்டும்?

பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துச் செய்யச் சொல்வார்கள். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் இரண்டு மார்க் ஏறும், இறங்கும். அதற்குக் கொண்டாட்டமும் வேண்டாம், ஒப்பாரியும் வேண்டாம். அல்சைமரில் எம்.எம்.எஸ்.இ. மார்க் சராசரியாக வருடத்துக்கு மூன்று அளவுக்குக் குறையும் என்பார்கள். ஆளுக்கு ஆள் வேகம் மாறும்.

பழைய தாள்களின் நகலைக் கேட்டு வாங்கி, தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாகக் கடிகாரத்தை. மார்க்குக்குப் பக்கத்திலேயே அன்றைக்கு அவரால் என்ன முடிந்தது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். பெரியம்மாவின் முதல் தாளில், 21-க்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருப்பது இது: ‘ரசம் தானே வைக்கிறார். உப்பு இரண்டு தடவை போடுகிறார். கோயிலுக்குத் தனியாகப் போய்த் திரும்புகிறார். சீட்டுப் பணம் கட்டியதை மறந்து மறுபடி கட்டப் போனார்.’ அடுத்த முறை டாக்டர் அந்த நான்கு வரியைத்தான் முதலில் படித்தார்.